யாருக்கு எது சேராது

அட்டைப்பெட்டியைப் பிரித்து, தாளை விலக்கி, நீல நரம்போடிய அந்த சீஸ் கட்டியை நான் வெளியே எடுத்ததும் சமையல்கார அக்கா இரண்டடி பின்னால் போய் அடுப்பு மேடையில் இடித்துக்கொண்டார்.

"ஐயோ தாயி, பூசணம் பிடிச்சிருக்கு. தொடாத. மொதல்ல கையக் கழுவு."

"இது அப்படித்தான் இருக்குமாம்க்கா. பூசணத்தோடதான் திம்பாங்களாம்."

"யாரு சொன்னா?"

"மேடம்."

"மேடம் தின்னு பாத்தாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. அவர் கேட்டது உண்மையாகவே தெரிந்துகொள்வதற்காக.

குரங்கணிக்கு மேலே ஜீப் ரோட்டில் அரைமணி நேரம் ஏறினால், காப்பித் தோட்டத்துக்கு நடுவில் நாலு அறை கொண்ட விடுதி அது. நான் போடிக்காரி. படித்துவிட்டுச் சும்மா இருந்தவளுக்கு அங்கே மேனேஜர் வேலை கிடைத்தது. மேனேஜர் என்றால் முன்பதிவு பார்ப்பது, விருந்தாளிகளை வரவேற்பது, அறைகளைச் சரிபார்ப்பது. முதலாளியம்மாதான் மேடம். பெங்களூரில் இருந்தார். எல்லாம் போனில்தான். அந்தப் போனும் வாசலில் இருந்த சில்வர் ஓக் மரத்தடியில் நின்றால் மட்டும்தான் எடுக்கும்.

சமையல்கட்டு அக்காவுடையது. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், இடுக்கி மலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போன குடும்பத்தில் பிறந்தவர். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதியது தெரிந்தால் பயப்படுவார்.

பயம்தான் அக்கா. காலையில் செருப்பை உதறிவிட்டுத்தான் காலை நுழைப்பார். பின்கதவைத் திறக்குமுன் ஒரு தட்டை எடுத்து நாலு தட்டுத் தட்டி, வெளியே காட்டுமாடு எதுவும் நிற்கவில்லை என்று காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் தாழ்ப்பாளை நீக்குவார். கேஸ் சிலிண்டர் மாற்றிய அன்று பத்துத் தடவையாவது குனிந்து மோந்து பார்ப்பார். மழைக்குப் பிறகு தோட்டத்து ஆட்கள் காளான் பறித்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, அவர்கள் தலை மறைந்ததும் குழி தோண்டிப் புதைத்துவிடுவார். சந்தைக்கு ஜீப்பில் இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் கண்ணை இறுக மூடிக்கொண்டு பக்கத்தில் இருப்பவர் மணிக்கட்டைப் பிடிப்பார். பெரும்பாலும் அது நான்தான். போடி போய்ச் சேரும்போது கையில் ஐந்து விரலும் பதிந்திருக்கும்.

ஜீப் ஓட்டும் அண்ணன் கேலி செய்வார். "மதினி, நீங்க பயப்படாத பொருளு ஒண்ணு சொல்லுங்க பாப்போம்."

அக்கா நிஜமாகவே யோசித்துவிட்டுச் சொன்னார். "வெந்த சோறு."

விருந்தாளிகளுக்குச் சாயங்காலம் காப்பியோடு பஜ்ஜி கொடுப்பது பழசாகிவிட்டது என்று மேடம் நினைத்தார். சீஸ் போர்டு வைக்க வேண்டும் என்றார். ரொம்பச் சுலபம், அடுப்பே வேண்டாம், ஒரு பலகையில் மூன்று வகை சீஸ், பக்கத்தில் பழம், தேன், உப்பு பிஸ்கட், அவ்வளவுதான் என்று போனில் படம் அனுப்பினார். கெட்டியானது ஒன்று, மெத்தென்று இருப்பது ஒன்று, பூசணம் பிடித்தது ஒன்று. பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்துவிட வேண்டும். குளிர்ச்சி போனால்தான் ருசி தெரியுமாம்.

பலகைக்காகச் சில்வர் ஓக் துண்டு ஒன்றைத் தச்சரிடம் கொடுத்து இழைத்து வாங்கினோம். பன்னீர் திராட்சை கம்பத்திலிருந்து வந்தது. காப்பிப் பூத் தேன் எங்களிடமே இருந்தது. மலைவாழைப்பழமும் கொய்யாவும் தோட்டத்தில்.

அந்த முதல் பெட்டி வந்த மறுநாள் காலை, அக்கா மூன்று சீஸிலும் மொச்சைக்கொட்டை அளவு கிள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடி விழுங்கினார். பிறகு பின்வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"என்னக்கா பண்றீங்க?"

"ஒரு மணி நேரம் பாக்கணும். எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அரிசி ஊற வச்சிருக்கேன், மறந்துறாத. பெட்டிச் சாவி உப்பு ஜாடிக்குப் பின்னால இருக்கு."

ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. எழுந்து வந்து, "நாத்தம்தான். வெசமில்ல," என்று சொல்லிவிட்டு அரிசி ஆட்டப் போனார்.

அவர் அடுக்கிய சீஸ் போர்டைப் பார்த்தால் நாட்டு மருந்துக் கடை மாதிரி இருக்கும். பூசணச் சீஸ் தனிக் கிண்ணத்தில். திராட்சை தனிக் கிண்ணத்தில். தேன் தனி, பிஸ்கட் தனி. ஒவ்வொன்றுக்கும் தனிக் கத்தி, தனிக் கரண்டி. ஒன்று இன்னொன்றைத் தொடாது. "சேராதவக யாராச்சும் இருப்பாக. அவுக மத்தத எடுத்துத் திங்கலாம்ல," என்பார்.

விருந்தாளிகள் ஜீப்பிலிருந்து இறங்கி, பையைக் கீழே வைக்குமுன்னே அக்கா முன்னால் போய் நிற்பார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்பார். "யாருக்கு எது சேராது?"

பால் சேராது, கத்திரிக்காய் சேராது, சர்க்கரை இருக்கிறது, ரத்தக்கொதிப்பு இருக்கிறது, வயிற்றில் பிள்ளை இருக்கிறது. எல்லாவற்றையும் சமையல்கட்டுக் கதவில் சாக்பீஸால் அறை வாரியாக எழுதுவார். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவார். ஆனால் தப்பாக எழுதியதில்லை.

ஒரு முறை வந்த தம்பதி போகும்போது மேடத்திடம் போனில் குறை சொன்னார்கள். வந்து இறங்கியதும் ஆஸ்பத்திரியில் சேர்க்கிற மாதிரி விசாரிக்கிறார்கள், சாப்பிடவே பயமாக இருந்தது என்று. மேடம் என்னைக் கூப்பிட்டார். இனி அந்தம்மா விருந்தாளிகள் முன்னால் வரவே கூடாது, கேட்பதை நீயே பதவிசாகக் கேள் என்றார்.

நான் அக்காவிடம் சொன்னேன். சாக்பீஸைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்போ நீ கேப்பியா?"

"கேக்கிறேன்க்கா. என் சோலிதான அது."

"மறக்காமக் கேப்பியா?"

"சின்னப் பிள்ளையா நானு? கேக்கிறேன்."

நாலைந்து மாதம் ஒழுங்காகக் கேட்டேன். முன்பதிவின்போதே செய்தியில் எழுதி அனுப்பச் சொல்வேன். வந்ததைப் படித்து அக்காவிடம் சொல்வேன். அவர் கதவில் எழுதுவார். பிறகு அது எனக்கு ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. பெரும்பாலும் யாரும் எதுவும் எழுதுவதில்லை. அக்கா கேட்டால் போனைப் பார்க்காமலேயே "ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லப் பழகியிருந்தேன்.

கோயம்புத்தூரிலிருந்து அப்பா, அம்மா, ஆறு வயதுப் பெண் பிள்ளை என்று ஒரு குடும்பம் வந்தது. கார் மேலே ஏறாது என்பதால் எல்லாரையும்போல அவர்களும் குரங்கணியில் காரை நிறுத்திவிட்டு எங்கள் ஜீப்பில் வந்தார்கள். பிள்ளை வந்ததும் ஊஞ்சலில் ஏறிக்கொண்டாள். முன்பல் இரண்டும் விழுந்த வாய். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைத் திறந்து காட்டினாள்.

சாயங்காலம் நாலு மணி. அக்கா பலகையை அடுக்கி வைத்துவிட்டுத் துணி எடுக்கக் கொல்லைப் பக்கம் போயிருந்தார். நான் அதைப் படம் எடுத்து மேடத்துக்கு அனுப்ப வேண்டும். கிண்ணங்களும் கரண்டிகளுமாக அது எனக்கு அசிங்கமாகத் தெரிந்தது. மேடம் அனுப்பிய படத்தில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து, கொட்டி வைத்தது போல அழகாக இருக்கும். கிண்ணங்களை எடுத்தேன். திராட்சையைச் சீஸ் மேலேயே படர விட்டேன். மெத்தென்ற சீஸ் வட்டமாக, வெறுமையாகத் தெரிந்தது. பாயசத்துக்கு வைத்திருந்த டப்பாவிலிருந்து முந்திரி எடுத்து நுணுக்கி, அதன் தலையில் தூவி, மேலே தேனை ஊற்றினேன். படம் நன்றாக வந்தது.

துணியோடு உள்ளே வந்த அக்கா பலகையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன தாயி இது? எல்லாத்தையும் கலந்துட்ட? மேல என்னது, முந்திரியா?"

"படத்துல அப்படித்தான்க்கா இருக்கு."

"கேட்டியா அவுககிட்ட?"

"எல்லாம் கேட்டாச்சு."

பலகையைத் தூக்கிக்கொண்டு முன்தாழ்வாரத்துக்குப் போய்விட்டேன்.

பிள்ளை ஊஞ்சலிலிருந்து ஓடி வந்து, பிஸ்கட்டால் அந்தச் சீஸை வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தேனில் ஊறிய முந்திரித் தூள் பிஸ்கட் தூள் மாதிரிதான் தெரிந்தது. இன்னொரு வாய் தின்றாள். "நாக்கு கடிக்குதும்மா," என்றாள். எல்லாரும் சிரித்தோம்.

அப்புறம் உதட்டைச் சொறிந்தாள். கழுத்தைச் சொறிந்தாள். கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. தாழ்வாரத்திலேயே வாந்தி எடுத்தாள். அம்மா பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுல நட்ஸ் இருக்கா?"

ஆமாம் என்று தலையை அசைத்தேன்.

"எழுதியிருந்தேனே! முந்திரி ஆகாதுன்னு அவ்வளவு தெளிவா எழுதியிருந்தேனே!"

எழுதியிருந்தார். அந்த நொடியில் அந்தச் செய்தி எழுத்துக்கு எழுத்து என் கண் முன்னால் வந்தது. போடியிலிருந்து பஸ்ஸில் வரும்போது படித்தது. சரி என்று பதில்கூட அனுப்பியிருந்தேன்.

மருந்து எங்கே என்று அப்பா கத்தினார். மருந்துப் பை குரங்கணியில், காருக்குள்.

பின்கட்டிலிருந்து வந்த அக்கா யாரையும் எதுவும் கேட்கவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். கண் இமை வீங்க ஆரம்பித்திருந்தது. அப்படியே அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார். "அண்ணே, வண்டிய எடு. வெரசா," என்ற குரல் அவர் குரல் மாதிரியே இல்லை.

அம்மா முன்னால் ஏறினார். பின்சீட்டில் அப்பாவும் அக்காவும். நான் எதிரே கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிள்ளையை மடியில் படுக்க வைக்கச் சொல்லி அப்பா கை நீட்டினார்.

"படுக்க விடாதீங்க சார். நிமிந்தே இருக்கட்டும். பேச்சு நிக்கக் கூடாது." பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். "மோளே, இங்க பாரு. ஒன் கிளாஸ்ல யாரெல்லாம் இருக்கா? பேரு சொல்லு. ஒவ்வொண்ணாச் சொல்லு."

பிள்ளை அழுதுகொண்டே ஒரு பெயர் சொன்னாள். அக்கா அதைத் திருப்பிச் சொன்னார். அடுத்தது? இன்னொரு பெயர். வண்டி கல்லில் ஏறி இறங்கியது. ஒரு பக்கம் சரிவு, கீழே ஏலச்செடிகளின் தலை. அக்கா கண்ணை மூடவில்லை. ஆனால் பயம் அவரை விட்டுப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அவர் முழங்கால்கள் இரண்டும் அடித்துக்கொண்டதை எதிரே இருந்த நான் பார்த்தேன். நடுங்கிக்கொண்டேதான் கேட்டார், "அப்புறம் யாரு மோளே?"

பிள்ளையின் குரல் கம்மிக்கொண்டே வந்தது. முதலில் கரகரத்தது. பிறகு காற்று மட்டும் வந்தது. மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம்.

"அண்ணே, இன்னும் வெரசா."

"வண்டி உருண்டுரும் மதினி."

"உருளாது. போ."

அப்பா, ஏன் பேச வைக்கிறீர்கள், அவளுக்கு முடியவில்லை என்று அழுதார். அக்கா பிள்ளையின் முகத்தைவிட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார். "எங்க வீட்டுக்காரர ஏலக்காட்டுல குளவி கொட்டுச்சு சார். எஸ்டேட்டு ஜீப்புக்குக் காத்திருந்தோம். பேசிக்கிட்டே இருந்தவரு பேச்ச நிப்பாட்டுனாரு. வலி தெரியாமத் தூங்குறாருன்னு நெனச்சு விசிறிக்கிட்டு இருந்தேன்."

அவரோடு இரண்டு வருஷம் இருந்திருக்கிறேன். அவர் கணவர் எப்படிப் போனார் என்று நான் கேட்டதே இல்லை.

குரங்கணியில் காரைத் திறந்து மருந்தை ஊற்றினார்கள். பாதி வாயிலிருந்து வழிந்தது. அப்படியே ஜீப்பிலேயே தார் ரோட்டில் போடிக்குப் பறந்தோம். ஆஸ்பத்திரி வாசலில் அக்கா இறங்கி ஓடிய ஓட்டத்தை ஜீப் அண்ணன் பிற்பாடு பலரிடம் சொன்னார். தொடையில் ஊசி போட்டார்கள். மூக்கில் காற்றுக்குழாய் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பிள்ளை வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைப்போல நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. அக்கா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் உதறியதைப் பார்த்த நர்ஸ், இவரும் நோயாளி என்று நினைத்துக் கட்டிலில் படுக்கச் சொன்னார்.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். அதோடு முடிந்திருக்கலாம்.

அப்பா வெளியே வந்தார். முகம் கறுத்திருந்தது. "யாரு அதுல முந்திரியப் போட்டது?" என்றார். அதே நேரம் என் கையிலிருந்த போனில் மேடம். ஜீப் அண்ணன் சொல்லிவிட்டிருந்தார். மேடமும் அதையேதான் கேட்டார். போலீஸ் வரும், விடுதியை மூடிவிடுவார்கள், யார் செய்தது சொல்.

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா நாலடி தள்ளித் தரையில் இருந்தார். என் வாய் சொன்னது.

"சமையல்கட்டுலதான் மேடம்… தெரியாம நடந்திருக்கு."

பொய்கூட முழுசாகச் சொல்லவில்லை. பாதிதான் சொன்னேன். மீதியை அவர்களே நிரப்பிக்கொண்டார்கள். அப்பா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். தன் பிள்ளையைச் சுமந்துகொண்டு ஓடியவரைத் திட்ட முடியாமல், திட்டாமலும் இருக்க முடியாமல், "படிச்சுப் பாத்துச் செய்ய மாட்டீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அந்தம்மாவை உடனே அனுப்பிவிடு என்று சொல்லி மேடம் போனை வைத்தார்.

மறுநாள் காலை மேலே போனோம். அக்கா தாழ்வாரத்தைக் கழுவினார். பலகையைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்து வெயிலில் சாய்த்து வைத்தார். பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"அவுக எழுதியிருந்தாகளா தாயி?"

"எழுதியிருந்தாங்கக்கா."

"படிச்சியா?"

"படிச்சேன்."

தலையை ஆட்டிக்கொண்டார். துணிகளை ஒரு பையில் கட்டினார். மேடம் போகச் சொன்னதை நான் இன்னும் சொல்லவே இல்லை. ஜீப்புக்குக் காத்திருக்காமல் ஒற்றையடிப் பாதையில் தனியாக இறங்கிப் போனார். காட்டுமாடு திரியும் பாதை அது.

நாலு நாள் கழித்துத்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. மரத்தடியில் நின்று மேடத்திடம் உண்மையைச் சொன்னேன். சரி, அந்தம்மாவைத் திரும்பக் கூப்பிடு என்றார். பிள்ளையின் அம்மாவுக்கு எழுதினேன், முந்திரி போட்டது நான், செய்தியைப் படித்துவிட்டு மறந்ததும் நான், பழி போட்டதும் நான் என்று. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு வரி வந்தது. "அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

பூப்பாறை பக்கம் ஓர் எஸ்டேட்டில், வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையில் அக்கா இருப்பதாக ஜீப் அண்ணன் விசாரித்துச் சொன்னார். போடிமெட்டு ஏறி பஸ்ஸில் போனேன். ஒரு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் அவர் கேட்டது அந்தப் பிள்ளையைத்தான்.

"நல்லாருக்காளா?"

"நல்லாருக்காக்கா. ஸ்கூலுக்குப் போறாளாம்."

"பல்லு மொளச்சிருச்சா?"

அது எனக்குத் தெரியவில்லை. எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மேடம் கூப்பிடுகிறார், வாருங்கள் என்றேன்.

"வேணாம் தாயி."

"எம்மேல கோவமாக்கா?"

"கோவமெல்லாம் இல்ல." கரண்டியைச் சட்டியின் விளிம்பில் தட்டினார். என்னை நேராகப் பார்த்தார். "எனக்கு ஒன்னக் கண்டா பயமா இருக்கு."

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவருக்கு அப்படிப் பேசவும் வராது. உள்ளதைச் சொன்னார். கோபம் என்று சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன், அழுதிருப்பேன், என்றைக்காவது அது ஆறும் என்று நம்பியிருப்பேன்.

என்ன செய்வதென்று தெரியாமல் அவர் இடுப்பிலிருந்த குழந்தையின் கன்னத்தைத் தொடக் கை நீட்டினேன். அக்கா குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"மழ வருது. ரெண்டு மணி பஸ்ஸ விட்டா அப்புறம் சாயந்தரம்தான். கெளம்பு தாயி," என்றார்.

கிளம்பினேன். பஸ் வரும்வரை கொட்டகை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏறி உட்கார்ந்து, வண்டி நகர்ந்த பிறகுதான் உள்ளே போனார்.